தொடக்கப் பள்ளியில் கணினி உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியின் கணினி அறையிலும் வகுப்பறைகளிலும் உதவ முன்வரும் பெற்றோரும் மற்றோரும், கணினிப் பொறுப்பு புதிதாக ஒப்படைக்கப்பட்ட ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்து பழகியதைக் கொண்டே விடைகளை எழுதியிருக்கிறேன்.

எனக்குக் கணினியில் பெரிய தேர்ச்சி இல்லை. நான் வந்து உதவ முடியுமா?

தாராளமாக வரலாம். தொடக்கப் பள்ளியில் உதவி கேட்டு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி, கழன்றுபோன கேபிள், அணைத்துவைத்த ஒலி, மறந்துபோன கடவுச்சொல், தெரியாமல் அழுந்திய கேப்ஸ் லாக், சார்ஜ் தீர்ந்த பேட்டரி ஆகியவற்றிலேயே அடங்கிவிடும். இவற்றைச் சரிசெய்யப் பொறியியல் படிப்பு வேண்டாம். உங்களிடம் குறை சொல்பவருக்கு 6 வயதுதான் என்பதை மறவாத பொறுமை வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை "கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்று கண்கலங்கி நின்றால், அது திரையின் பொத்தானை மட்டும் அழுத்தி அணைத்திருக்கக்கூடும். கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. "நீ என்ன செய்தாய், எனக்குச் செய்துகாட்டு" என்று கேளுங்கள், கை காட்டிவிடும்.

வகுப்பு நடக்கும்போது ஒரு கணினி பழுதானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாடத்தைக் காப்பாற்றுங்கள்; கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பணியில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது இதுதான். 40 நிமிட வகுப்பில் 10 நிமிடத்தை ஒரு கணினியோடு மல்லுக்கட்டிக் கழித்தால் அந்தக் குழந்தைக்குக் கால்வாசிப் பாடம் போய்விடுகிறது. ஆசிரியரின் கவனமும் அங்கேயே சிக்கிக்கொள்வதால் மற்றக் குழந்தைகளுக்கும் இழப்புதான். ஆகவே 2 நிமிடம் என்று ஒரு வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். கேபிள்களை அழுத்திப் பாருங்கள், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்போதும் சரியாகாவிட்டால் குழந்தையை வேறு கணினியில் உட்காரவைத்துவிடுங்கள்.

இதற்காகவே, 30 கணினிகள் உள்ள அறையில் 2 கணினிகளையாவது எவருக்கும் ஒதுக்காமல் உதிரியாக வைத்திருக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். உதிரி இல்லையென்றால் பக்கத்துக் குழந்தையோடு சேர்ந்து உட்காரட்டும். ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் அடுத்து என்ன செய்வதென்று சொல்ல, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்வது நல்ல பயிற்சியும்கூட. பழுதான கணினியின் மேல் தேதியையும், கடைசியாக என்ன நடந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதி ஒட்டிவிடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதி ஒட்டினால், மறுநாள் அதைப் பார்க்க வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறதே, ஏன்? அணைத்துவிட்டு மீண்டும் போட்டாலும் அதே பலன்தானா?

நாள் முழுவதும் திறந்து மூடிய செயலிகள் நினைவகத்தில் விட்டுச்சென்ற எச்சங்களும், பாதியில் நின்றுபோன வேலைகளும் ரீஸ்டார்ட்டில் துடைக்கப்படுகின்றன. விண்டோஸ் கணினிகளில் ஒரு நுட்பம் உண்டு. விரைவாகத் தொடங்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி அப்படியே சேமித்துவைக்கப்பட்டு அடுத்த முறை மீட்டெடுக்கப்படுகிறது. பழைய கோளாறும் அதனுடனேயே திரும்பிவரலாம். ரீஸ்டார்ட்டில் அப்படிச் சேமிப்பதில்லை. எனவே கோளாறு நீங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்டையே தேர்ந்தெடுங்கள்.

குழந்தை திணறும்போது மவுஸை நாமே வாங்கிச் செய்துகாட்டலாமா?

கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றுதான் புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். மவுஸை வாங்கிக்கொண்டால் வேலை 5 விநாடியில் முடியும், ஆனால் குழந்தைக்குக் கிடைப்பது "இது எனக்கு வராது, பெரியவர்களுக்குத்தான் வரும்" என்ற எண்ணம் மட்டுமே. திரையில் இருப்பதை விரலால் சுட்டுங்கள், "மேலே வலப்பக்க மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி தெரிகிறதா?" என்று வாயால் வழிகாட்டுங்கள், அது தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். குழந்தையின் நாற்காலி உயரத்துக்குக் குனிந்தோ முழங்காலிட்டோ பேசினால், அது பார்க்கும் கோணத்திலேயே உங்களுக்கும் திரை தெரியும். உள்நுழைவே தடைபட்டு வகுப்பு முழுவதும் காத்திருக்கும் நிலையில் மட்டும் இதற்கு விலக்கு அளிக்கலாம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் உள்நுழைவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

நான் அதிக நேரம் செலவிட்ட சிக்கல் இதுதான். ஒரு நாள் ஒரு சிறுமி விசைப்பலகையின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே இருந்தாள். அவளுடைய பயனர் பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஜி' இருந்தது. "அந்த எழுத்து இதுல இல்ல மிஸ்" என்றாள். அவள் சொன்னது முழு உண்மை. வகுப்பில் அவள் கற்றிருந்தவை சிறிய எழுத்துகள். விசைகளில் அச்சிட்டிருப்பவையோ பெரிய எழுத்துகள். 'ஜி', 'ஏ', 'க்யூ' போன்றவற்றில் சிறிய வடிவத்துக்கும் பெரிய வடிவத்துக்கும் ஒற்றுமையே கிடையாது. வேறு சில குழந்தைகள் விசையில் உள்ளதைப் போலவே திரையிலும் வர வேண்டும் என்று எண்ணிக் கேப்ஸ் லாக்கை அழுத்திவிடுவார்கள். கடவுச்சொல் தவறு என்று கணினி மறுத்துக்கொண்டே இருக்கும். அன்று மாலையே சிறிய எழுத்துகளை எழுதிய ஒட்டிகளை முதல் வரிசைக் கணினிகளின் விசைகளில் ஒட்டினோம். அடுத்த வாரம் அதே சிறுமி ஒட்டி இருந்த கணினியைத் தேடிப்போய் உட்கார்ந்தாள், தானாகவே உள்நுழைந்தாள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சின்ன விரல்கள் விசையை அழுத்தியபடியே நின்றுவிடுவதால் ஒரே எழுத்து நான்கைந்து முறை விழும். விசை திரும்ப விழும் தாமதத்தை விசைப்பலகை அமைப்பில் கூட்டிவையுங்கள். இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறையுங்கள். மவுஸ் சுட்டியைப் பெரிதாக்குங்கள். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையின் மவுஸைக் கேட்காமலேயே இடப்பக்கம் மாற்றிவையுங்கள். கடவுச்சொற்களை உருவாக்கும்போது சுழியம், 'ஓ', ஒன்று, 'எல்', 'ஐ' ஆகியவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் தாளில் இவை ஒன்றுபோலவே தெரியும். டேப்லெட்டுகளில் படத்தைத் தொட்டோ க்யூஆர் அட்டையைக் காட்டியோ நுழையும் வசதி இருந்தால் இரண்டாம் வகுப்புவரை அதையே பயன்படுத்துங்கள்.

குழந்தைகளின் கடவுச்சொற்களை யார் வைத்திருக்க வேண்டும்?

வகுப்பாசிரியர் வைத்திருக்க வேண்டும். பூட்டக்கூடிய இடத்தில், பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட சிறு அட்டைகளாக இருந்தால் வகுப்பு தொடங்கும்போது கொடுத்து, முடியும்போது எண்ணி வாங்கிக்கொள்ளலாம். சுவரில் பட்டியலாக ஒட்டுவதோ, உதவியாளர் தம் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதோ தவறு. க்யூஆர் அட்டையும் கடவுச்சொல்தான். அது தொலைந்தால் உடனே புதியது எடுத்துப் பழையதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

ப்ரொஜெக்டரில் படம் வரவில்லை. ஆசிரியர் வகுப்பின் முன் காத்திருக்கிறார். எந்த வரிசையில் பார்ப்பது?

ப்ரொஜெக்டர் எந்த இணைப்பை எதிர்பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள். ரிமோட்டில் உள்ள சோர்ஸ் பொத்தானை அழுத்தி, கேபிள் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் படம் வந்துவிடும். வராவிட்டால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிச் செருகுங்கள். பிறகு, விண்டோஸ் மடிக்கணினியானால், விண்டோஸ் விசையோடு 'பி' விசையைச் சேர்த்து அழுத்தி, இரு திரையிலும் ஒரே படம் காட்டும் தெரிவை எடுங்கள். படம் வந்தும் ஒலி வரவில்லையென்றால், ஒலி எச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கர் இல்லாத ப்ரொஜெக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். பணிப்பட்டையில் உள்ள ஒலிக்குறியைச் சொடுக்கி, மடிக்கணினியின் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ப்ரொஜெக்டர் ரிமோட்டின் உறையில் வைத்துவிட்டால் ஆசிரியர் உங்களை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

ஒரு கணினியில் மட்டும் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. வைரஸா?

திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். என்னிடம் வந்த அப்படிப்பட்ட ஒரு கணினியில் ஆண்டு 2009 என்றிருந்தது. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்றை உலாவியிடம் காட்டுகிறது. கணினியின் கணக்கில் அந்தக் காலம் இன்னும் பிறக்கவே இல்லையென்றால் உலாவி தளத்தை நம்ப மறுக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி பழைய மேசைக் கணினிகளில் தீர்ந்துபோவதே இதற்குக் காரணம். கணினியை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டுப் புதியதை மாற்றி, தேதியைத் திருத்தினால் எச்சரிக்கை நின்றுவிடும்.

தொடக்கப் பள்ளியில் இருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: பேட்டரியைக் குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டுமே மாற்றுங்கள், கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் வைக்காமல், இருபுறமும் டேப் ஒட்டி, அப்போதே எடுத்துச் சென்றுவிடுங்கள். அந்தச் சிறு வட்டை ஒரு குழந்தை விழுங்கினால், 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதில் விலக்கல்ல.

எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் நுழைந்தால் வைஃபை நின்றுவிடுகிறதே?

வீட்டுக்காகத் தயாரான ஒரு ரௌட்டரை 30 டேப்லெட்டுகளுக்கு நடுவே வைத்தால் அப்படித்தான் ஆகும். வகுப்பறைக்குள்ளேயே ஓர் இணைப்புக் கருவி, கூடிய மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், இருப்பது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தான் கிடைக்கும் என்றால் அடுத்தடுத்த அறைகளின் கருவிகளை 1, 6, 11 ஆகிய சேனல்களில் பிரித்துவையுங்கள்; அவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. கருவிக்குச் செலவிட முடியாத பள்ளியில் வரிசைக்கு வரிசை ஒரு நிமிட இடைவெளி விட்டு நுழையச் சொல்லுங்கள். பார்க்கவேண்டிய காணொளியைத் தனித்தனியாகப் பார்க்கவிடாமல் ப்ரொஜெக்டரில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் நீண்ட விடுமுறை. விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் எல்லாக் கணினிகளும் ஒருசேர அப்டேட்டைத் தரவிறக்கத் தொடங்கும். இணையம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளே வந்து எல்லாவற்றையும் போட்டு அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

ஹெட்போன்களையும் விசைப்பலகைகளையும் எப்படிச் சுத்தம் செய்வது?

மின்னிணைப்பைத் துண்டித்த பிறகு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் விசைகளையும் ஹெட்போனின் கெட்டியான பகுதிகளையும் துடையுங்கள். எதையும் நேரடியாகக் கருவியின் மேல் தெளிக்காதீர்கள். பஞ்சு உறைகள் அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆதலால் துடைக்கக்கூடிய உறையுள்ள ஹெட்போன்களையே வாங்கச் சொல்லுங்கள். ஒலியளவுக்கு உச்சவரம்பு வைத்தவையாக இருந்தால் இன்னும் நல்லது.

தமிழில் தட்டச்சு செய்த வினாத்தாள் வேறு கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினி அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளைக் காட்டிவிடுகிறது. அவசரத்துக்கு அதே எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதே. 1991-இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. இப்போதைய கணினிகளும் கைபேசிகளும் தனியே எதையும் நிறுவாமலேயே அதைக் காட்டும். எழுத்துரு மாற்றிச் செயலிகளில் ஒட்டிப் பழைய கோப்புகளை மாற்றலாம். மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். புதிதாகக் கற்கும் ஆசிரியருக்குத் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பைப் பரிந்துரைப்பேன்.

பழைய கணினிகளை நன்கொடையாகத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

ஆராய்ந்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் போக முடியாத கணினி என்றால், அதில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர் பள்ளியில் தொடர்ந்து இருப்பாரா என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். குரோம்புக் (கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி) என்றால் அந்த மாடலுக்கு எந்த ஆண்டுவரை அப்டேட் வரும் என்பதை அமைப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஐந்து வகையான சார்ஜர் கொண்ட பத்துக் கணினிகளைவிட ஒரே வகையைச் சேர்ந்த நான்கு கணினிகள் பள்ளிக்கு மிகுந்த பயன் தரும். வட்டில் உள்ள பழைய தகவல்களை முழுமையாக அழித்த பிறகே குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் புதிய செயலி ஒன்றை எல்லா டேப்லெட்டிலும் போடச் சொல்கிறார். போட்டுவிடலாமா?

பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதல் இருந்தால் போடலாம். குழந்தையின் பெயர், படம், குரல், பிறந்த தேதி ஆகியவற்றில் எதைக் கேட்கிறது, விளம்பரம் வருகிறதா, கணக்கு இல்லாமல் பயன்படுத்த முடியுமா என்று பார்த்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். பல சேவைகள் 13 வயது நிரம்பியவர்களுக்கே கணக்கு அளிக்கின்றன. 13 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கி 1998-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு முக்கியக் காரணம். வயதை மாற்றிக் கொடுத்துக் குழந்தைகளுக்குக் கணக்கு திறந்துவிடுவதை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள்.

நிரலாக்கம் கற்பிக்க என்ன போடலாம் என்று கேட்டால், 5 முதல் 7 வயதுக்காக உருவாக்கப்பட்ட ஸ்கிராட்ச் ஜூனியரைச் சொல்வேன்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் படக்கட்டைகளை அடுக்கிப் பூனையை நடக்கவைக்கலாம். 8 வயதுக்கு மேல் ஸ்கிராட்ச். எம்ஐடி மீடியா லேபிலிருந்து 2007-இல் வெளிவந்த அதை இணையமின்றியும் நிறுவிக்கொள்ள முடியும்.

குழந்தையின் திரையில் தகாத ஒன்று வந்துவிட்டால்?

திரையை அணையுங்கள், அல்லது டேப்லெட்டைக் கவிழ்த்துவையுங்கள். கணினியை நிறுத்தவோ உலாவி வரலாற்றை அழிக்கவோ வேண்டாம். எப்படி வந்தது என்பதைப் பொறுப்பாளர் அறிய அது தேவைப்படும். குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை வாய் திறக்காது. அதுதான் உண்மையான ஆபத்து. "நீ என்னைக் கூப்பிட்டது நல்லது" என்று சொல்லி வேறு வேலையில் ஈடுபடுத்துங்கள். உடனே ஆசிரியரிடம் தெரிவியுங்கள். நேரத்தையும் கணினி எண்ணையும் குறித்துக்கொடுங்கள். பார்த்ததை உங்கள் கைபேசியில் படமெடுப்பதோ, மீண்டும் திறந்து பார்ப்பதோ, மற்றவர்களிடம் பேசுவதோ கூடாது. பெற்றோரிடம் சொல்ல வேண்டியது பள்ளி.

தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறதே என்று எவரும் மெத்தனமாக இருந்துவிட முடியாது. எழுத்துப் பிழையோடு தட்டச்சு செய்த ஒரு முகவரி போதும். "பிடிக்காத ஒன்று வந்தால் கவிழ்த்துவிட்டுக் கையைத் தூக்கு" என்று ஆண்டின் முதல் வகுப்பிலேயே எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறை செய்யவைத்துப் பழக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையோடு தனியாக இருந்து உதவலாமா? படம் எடுக்கலாமா?

இரண்டும் கூடாது. மற்றொரு பெரியவர் பார்க்கும்படியான இடத்தில், கதவு திறந்திருக்க உதவுங்கள். பள்ளி கேட்கும் பின்புலச் சரிபார்ப்பை மனமுவந்து முடித்துக்கொடுங்கள். அது உங்கள்மேல் ஐயப்பட்டுச் செய்வதன்று.

மடிக்கணினிகளைச் சார்ஜ் செய்வதில் எதைக் கவனிக்க வேண்டும்?

65 வாட் சார்ஜர்கள் 30 ஒன்றாக இழுத்தால் 1,950 வாட் ஆகும். அதை ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னோர் எக்ஸ்டென்ஷன் போர்டைச் செருகி எடுப்பது தீ விபத்துக்கு வழி. மூடி உப்பியிருந்தாலோ மேசையில் வைக்கும்போது ஆடினாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தாமல், சார்ஜில் போடாமல், அப்போதே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் பாதியளவு சார்ஜில் அணைத்து வெப்பமில்லாத இடத்தில் வையுங்கள்.

நான் வராத நாளில் வருபவருக்கு எதை எழுதிவைக்க வேண்டும்?

கணினி அறையிலேயே இருக்கும்படி ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கணினிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன பழுது, என்ன செய்து பார்த்தீர்கள், எது பயன் தரவில்லை என்ற மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். பயன் தராததை எழுதுவது மிக முக்கியம், ஏனெனில் அடுத்தவர் அதே அரைமணி நேரத்தை மீண்டும் செலவழிக்காமல் இருக்க அது உதவும். எங்கள் நோட்டில் உள்ள ஒரு குறிப்பைக் காட்டுகிறேன்: "7-ஆம் எண். ஸ்பீக்கரில் ஒலி வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தும், ஒலிக்கான டிரைவர் மென்பொருளை மாற்றியும் பயனில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் ஹெட்போன் துளைக்குள் பிளக்கின் நுனி ஒடிந்து நிற்கிறது. ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே கணினி எண்ணிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி ஹெட்போன் வைத்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பு வருமுன் அது இருக்கிறதா என்று பார்க்கவும்."